"ஒண்ணும் செய்யாது" - தூக்க மாத்திரையின் கதை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு ஒரு வரிசையில் போகும். முதலில் சர்க்கரை. அடுத்தது பிரஷர். மூன்றாவதாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தூக்கம்.

"நீங்க என்ன போடறீங்க?"

"சின்ன மாத்திரைதான் சார். ரொம்ப மைல்டு. ஆறேழு வருஷமா போடறேன். ஒண்ணும் செய்யாது."

இந்த "ஒண்ணும் செய்யாது" என்ற வார்த்தைக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தூக்க மருந்து வந்தது. முந்தைய மருந்து ஆபத்து, இது பாதுகாப்பானது என்று சொல்லித்தான் ஒவ்வொன்றும் வந்தது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். இன்றிரவு மாத்திரை போடுகிறவர்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

பழைய காலத்தில் தூக்கத்துக்கு அபினும் சாராயமும்தான் மருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புரோமைட் உப்புகள் வந்தன. 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர், வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைட் பயன்படுகிறது என்று சொன்னார். வலிப்பை அடக்குவது நரம்பையும் அடக்கும் என்று, தூக்கம் வராதவர்களுக்கும் படபடப்பு உள்ளவர்களுக்கும் அதையே கொடுக்கத் தொடங்கினார்கள். நம் சின்ன வயதில் டாக்டர் எழுதிக் கொடுக்க, கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த மிக்ஸ்சர் பாட்டில் நினைவிருக்கிறதா? பாட்டிலின் பக்கவாட்டில், எத்தனை வேளை என்று காட்ட, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். அப்படிக் கலக்கிய மிக்ஸ்சர்களில் புரோமைட் மிக்ஸ்சரும் ஒன்று.

அதில் ஒரு சிக்கல். உடம்பில் சேர்ந்த புரோமைட்டில் பாதி வெளியேறவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். தினமும் குடித்தால் நேற்றைய மருந்தின் மேல் இன்றையது சேரும். சில வாரங்களில் ஆள் தடுமாறுவார், உளறுவார், இல்லாததைப் பார்ப்பார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனநல மருத்துவமனையில் சேர்த்தவர்களில் சிலருக்கு நோயே இந்த மருந்துதான் என்று பிறகு தெரிந்தது.

1869-இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் என்பவர் குளோரல் ஹைட்ரேட்டை அறிமுகப்படுத்தினார். அந்தப் பொருளை லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1832-லேயே செய்துவிட்டார். மருந்தாக அது யாருக்கும் படாமல் முப்பத்தேழு வருடம் கிடந்தது. ரத்தத்தில் கலந்ததும் இது குளோரோஃபாரமாக மாறும், அதனால் தூக்கம் வரும் என்பது லீப்ரைக்கின் கணக்கு. கணக்கு தப்பு. ஆனால் தூக்கம் வந்தது! ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான ரோசெட்டி இதற்கு அடிமையாகி, விஸ்கியோடு சேர்த்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். மதுவில் ரகசியமாகக் கலந்து கொடுத்து, மயங்கியவரிடம் கொள்ளையடிக்கவும் இதே மருந்து பயன்பட்டது.

இதற்குப் பதிலாக, கெட்ட வாடையும் சுவையும் இல்லாத ஒன்று 1903-இல் வந்தது. எமில் ஃபிஷர், முந்தைய வருடம்தான் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அவரும் யோசப் ஃபான் மேரிங் என்ற மருத்துவரும் சேர்ந்து கண்டறிந்த அந்த மருந்துக்கு வெரோனால் என்று பெயர் வைத்தார்கள். பார்பிட்யூரேட் என்ற பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. அடுத்த ஐம்பது வருடத்துக்கு உலகத்தைத் தூங்கவைத்தது இந்தக் குடும்பம்தான்.

இதிலும் நல்லது நடந்தது. 1912-இல் வந்த ஃபீனோபார்பிடாலை ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் என்ற இளம் ஜெர்மன் மருத்துவர், வலிப்பு நோயாளிகள் அமைதியாக இருக்கட்டும் என்று கொடுத்தார். அவர்கள் அமைதியானது இருக்கட்டும், வலிப்பே குறைந்துவிட்டது. தூக்கத்துக்காக வந்த மருந்து வலிப்புக்கு மருந்தானது. நம் ஊரில் கார்டினால் என்ற பெயரில் பல குடும்பங்கள் அறிந்த மாத்திரை இதுதான். இன்றும் விலை குறைந்த நல்ல வலிப்பு மருந்து.

ஆனால் தூக்க மருந்தாக இந்தக் குடும்பத்துக்கு ஒரு கொடிய குணம் உண்டு. தூங்கவைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தினமும் போடப் போட, பழைய அளவில் தூக்கம் வராது. அளவைக் கூட்டுவார்கள். ஆனால் உயிரைப் பறிக்கும் அளவு அதே மாதிரி கூடாது. இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கும். அதோடு கொஞ்சம் மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும். 1962-இல் இறந்த நடிகை மரிலின் மன்றோவின் ரத்தத்தில் பார்பிட்யூரேட்டும் பழைய குளோரல் ஹைட்ரேட்டும் இரண்டும் இருந்தன. 1964-இல் நம் குரு தத் முப்பத்தொன்பது வயதில் போனதும் மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்துதான். நம் கால சினிமாவில் தூக்க மாத்திரை பாட்டிலைக் காட்டினாலே தியேட்டர் பதறும். அந்தப் பயத்துக்குக் காரணம் பார்பிட்யூரேட் காலம்.

ஆகவே, எவ்வளவு சாப்பிட்டாலும் உயிர் போகாத தூக்க மாத்திரைக்கு உலகம் காத்திருந்தது. கிடைத்ததாக நினைத்தது. அதன் பெயர் தாலிடோமைட்.

மேற்கு ஜெர்மனியில் குருனெந்தால் நிறுவனம் 1957 அக்டோபர் முதல் தேதி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தும் சாகவில்லை என்பதே விளம்பரத்தின் அடிப்படை. மருத்துவர் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுத்தார்கள். பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். கையும் காலும் வளராத குழந்தைகள். உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேல். 1961 நவம்பர் கடைசியில்தான் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். எலி சாகவில்லை என்றால் மருந்து பாதுகாப்பானது என்று ஆகிவிடாது என்பதற்கு உலகம் கொடுத்த விலை அது.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைச் சொல்லியாக வேண்டும். ஃபிரான்சஸ் கெல்சி. 1960-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அவர் மேசைக்குத் தாலிடோமைட் விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவில் விற்கிற மருந்து, கையெழுத்துதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போடவில்லை. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் நரம்பு மரத்துப்போகிறது என்று வந்த தகவலைப் பிடித்துக்கொண்டு, மேலும் சான்று கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மருந்து நிறுவனம் மேலதிகாரிகளிடம் புகார் செய்து பார்த்தது. அசையவில்லை. அமெரிக்கா பெருமளவில் தப்பித்தது. 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருது கொடுத்தார். பயன் தருகிறது என்று நிரூபித்தால்தான் மருந்துக்கு அனுமதி என்ற சட்டமும் அமெரிக்காவில் அதே வருடம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் ஃபைலை நிறுத்தி வைத்ததற்காகத் திட்டு வாங்கியவர்கள் நம்மில் உண்டு. நிறுத்தி வைத்ததற்காக விருது வாங்கியவர் இவர்.

தாலிடோமைட்டின் கதை அதோடு முடியவில்லை. 1964-இல் எருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியால் தூங்காமல் தவித்த ஒரு தொழுநோயாளிக்கு, தூக்கமாவது வரட்டும் என்று கையிருப்பில் இருந்த அந்த மாத்திரையைக் கொடுத்தார். நோயாளி தூங்கினார். அவருடைய கொப்புளமும் வலியும் கூடச் சில நாளில் அடங்கின. இன்று தொழுநோயின் ஒருவகை எதிர்விளைவுக்கும், மல்டிப்பிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் அது முக்கியமான மருந்து. கர்ப்பிணிகள் பக்கமே போகக்கூடாது என்ற கடுமையான காவலோடு கொடுக்கிறார்கள். மருந்து அதேதான். யாருக்கு, எதற்கு, எந்தக் காவலோடு என்பது மாறியிருக்கிறது.

அடுத்த மருந்து நம் நாட்டிலேயே பிறந்தது. மெத்தாகுவலோன். 1951-இல் கக்கர், சையத் ஹுசைன் ஜாகீர் என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் இதை முதலில் தயாரித்தார்கள். ஜாகீர் பின்னாளில் நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்துக்கே தலைமை இயக்குநராக இருந்தவர். அவர்கள் தூக்க மருந்தைத் தேடவில்லை. அதன் தூக்கம் தரும் குணம் பின்னால்தான் தெரிந்தது. பார்பிட்யூரேட் இல்லாத தூக்க மாத்திரை, எனவே அடிமையாக்காது என்று மேல்நாட்டு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. 1960-களில் இங்கிலாந்தில் மாண்ட்ராக்ஸ் என்றும் அமெரிக்காவில் குவாலூட் என்றும் விற்பனைக்கு வந்தது.

மாண்ட்ராக்ஸ் என்றதும் எழுபதுகளில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவர்கள் சிரிப்பீர்கள். தூங்குவதற்காக வந்த மாத்திரையைத் தூங்காமல் இருந்து கிறங்குவதற்காகப் போட்டார்கள். அடிமையாக்காது என்றது பொய்யாகி, எண்பதுகளில் உலகம் முழுக்கத் தடையானது. தடையான பிறகும் ஒழியவில்லை. 2016-இல் ராஜஸ்தானின் உதய்ப்பூரில் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் 23 டன்னுக்கும் மேல் பிடித்தார்கள். மருந்துக்கடையில் செத்த மாத்திரை, கள்ளக்கடத்தலில் உயிரோடு இருக்கிறது.

இனி நம் வீடுகளுக்குள் வந்த மருந்து. லியோ ஸ்டெர்ன்பாக், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன போலந்து யூத வேதியியலாளர். ரோஷ் நிறுவனத்தில் வேலை. உபயோகமில்லை என்று அலமாரியில் போட்டுவைத்த ஒரு பொருளை 1957-இல் ஆய்வகத்தை ஒழுங்கு செய்யும்போது எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960-இல் லிப்ரியம் ஆனது. 1963-இல் அதன் தம்பி வேலியம். இந்தக் குடும்பத்துக்கு பென்சோடயஸபீன் என்று பெயர். நம் நாட்டில் வேலியத்தின் அதே மருந்தை 1969-இல் ரான்பாக்ஸி கால்ம்போஸ் என்று விற்றது. அந்த நிறுவனத்தைப் பெரிதாக்கியதே கால்ம்போஸ்தான் என்பார்கள். எத்தனை வீட்டு அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் அந்த அட்டை இருந்திருக்கும்! துக்க வீட்டில் அழுது ஓய்ந்தவருக்கு ஒரு கால்ம்போஸ். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பாவுக்கு ஒரு கால்ம்போஸ்.

இந்த முறை சொன்னதில் பாதி உண்மை. நம் மூளைக்கு ஒரு பிரேக் இருக்கிறது. காபா என்ற ரசாயனம் அந்த பிரேக்கை அழுத்துகிறது. பென்சோடயஸபீன், மூளை அழுத்துகிற பிரேக்குக்குப் பலம் சேர்க்கும். பார்பிட்யூரேட் அதிக அளவில் போனால், மூளை அழுத்தாவிட்டாலும் தானே பிரேக்கை அழுத்திவிடும். அதனால்தான் அது மூச்சை நிறுத்தியது, இது தனியாக எடுத்தால் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. பெரிய முன்னேற்றம்தான். ஆபரேஷனுக்கு முன்னால், நிற்காத வலிப்பில், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தில், தாங்கமுடியாத துக்கத்தின் முதல் சில நாளில், இந்த மருந்துகள் செய்கிற உதவி பெரியது. அதை மறுப்பதற்கில்லை.

மற்றப் பாதி தெரிய இருபத்தைந்து வருடம் ஆனது. சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும். பழகியபின் ஒருநாள் நிறுத்தினால், முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும், படபடக்கும். ஆள் என்ன நினைப்பார்? பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே இல்லை என்று மறுபடி போடுவார். உண்மையில் அந்தத் தூக்கமின்மை மாத்திரையை நிறுத்தியதால் வந்தது. இந்தச் சுழலில்தான் பல பேர் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். 1988-இல் பிரிட்டன் மருந்துப் பாதுகாப்புக் குழு, இந்த மாத்திரைகளை இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் தரவேண்டாம் என்று மருத்துவர்களுக்கு எழுதியது.

வயதானவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1975-இல் வந்த ஓர் ஆய்வு, வேலியத்தில் பாதி உடம்பைவிட்டுப் போக இருபது வயதில் சுமார் 20 மணி நேரமும் எண்பது வயதில் சுமார் 90 மணி நேரமும் ஆகிறது என்று காட்டியது. அதாவது எண்பது வயதுக்காரர் இன்று போட்ட மாத்திரையில் பாதி, நாலாவது நாளும் உள்ளே இருக்கும். தினமும் போட்டால்? அன்றைய புரோமைட் கதைதான். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தபோது கால் பின்னி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, பகலில் மந்தம், மறதி இவற்றில் எவ்வளவு வயதால், எவ்வளவு மாத்திரையால் என்று வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. வயசாயிடுச்சு என்று முடித்துவிடுகிறார்கள். வேலியத்தைவிடச் சீக்கிரம் வெளியேறும் அல்ப்ரஸோலம் போன்றவை வந்தன. ஆனால் பழக்கமாவதில் அவை இளைத்தவை அல்ல. வயதானவர்கள் இந்தக் குடும்பத்தையே தவிர்ப்பது நல்லது என்பதுதான் முதியோர் மருத்துவ நிபுணர்களின் பொதுவான கருத்து.

இதற்கும் மாற்று வந்தது. ஜோல்பிடெம். பென்சோடயஸபீன் அல்ல, எனவே பழகாது, காலையில் மந்தம் இராது என்றார்கள். அமெரிக்காவில் 1992-இல் அனுமதி. இருபது வருடம் விற்றபின், 2013 ஜனவரியில் அதே நிர்வாகம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பெண்கள் உடம்பிலிருந்து மருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 2019-இல், தூக்கத்தில் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்றவை நேர்கின்றன என்று மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது.

நம் அரசாங்கமும் சும்மா இல்லை. 2014 மார்ச் முதல் அல்ப்ரஸோலம், டயஸபாம், நைட்ரஸபாம், ஜோல்பிடெம் எல்லாம் ஹெச்-1 என்ற பட்டியலில் வருகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் பழைய சீட்டை நீட்டியதும் கடைக்காரப் பையன் தயங்கினால் கோபப்படாதீர்கள். அவன் செய்வது கெல்சி அம்மையார் செய்த வேலையின் சின்ன வடிவம்.

புரோமைட், குளோரல், வெரோனால், தாலிடோமைட், மாண்ட்ராக்ஸ், கால்ம்போஸ், ஜோல்பிடெம். இந்த வரிசையில் ஒரு மருந்தின் உண்மையான குணமும் அது கடைக்கு வந்த அன்று முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. சாப்பிட்டவர்கள் உடம்பில்தான் தெரிந்தது. அதே சமயம் எதுவும் முழுக்க வீணாகவும் போகவில்லை. சரியான ஆளுக்கு, சரியான காரணத்துக்கு, சில நாளைக்கு என்றபோது உதவியிருக்கின்றன. "சில நாளைக்கு" என்று டாக்டர் எழுதியதை நாம் "தினமும்" என்று படித்துக்கொண்டதில்தான் பாதிக் கெடுதல் வந்தது.

நீண்ட நாளாக மாத்திரை போடுகிற நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். இதைப் படித்துவிட்டு இன்றிரவே அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையை அப்படியே உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எத்தனை வருடமாக, எத்தனை மில்லிகிராம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக அவர் குறைப்பார். குறட்டை பலமாக விடுகிறவர்கள், டிராமடால் போன்ற கடுமையான வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கூட்டணி மூச்சுக்கு ஆகாது. மாலையில் ஒரு பெக் போடுகிறவர்களும்தான்!

மாத்திரை இல்லாத வழியும் உண்டு. 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, பழக்கத்தை மாற்றும் சிகிச்சைதான் என்று பரிந்துரைத்தது. கேட்டால் சாதாரணமாக இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்து கண் சொருகும்போது திரும்பிப் போவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, படுக்கையில் கிடக்கும் நேரத்தையே சுருக்குவது. முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இதை நிறுத்தினால் வலிப்பு வராது. அளவைக் கூட்டவும் வேண்டாம்.

அடுத்த முறை டாக்டர் தூக்க மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். என் வயதுக்கு இந்த அளவு சரியா? எத்தனை நாள் போட வேண்டும்? எப்படி நிறுத்த வேண்டும்? பதில்களை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.